கொறற்றியும் கீழ்வீட்டு அசவாக்கும்

ஜெர்மனியின் எசன் நகரத் தமிழர்களுக்குக் கொறற்றி என்றால் சாப்பாடுதான் முதலில் ஞாபகம் வரும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. யார் வீட்டில் ஞானஸ்நானம், யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் பெரிய சட்டி அவளிடம்தான் வந்து சேரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, மடுக் கோயில் வளவில் ஒரு மழைக்காலம் முழுவதையும் கூடாரத்தில் கழித்தவள். சட்டை இல்லாமல் படுத்திருந்த தம்பியின் நெஞ்சுக்கூடு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியதை அங்கே பார்த்திருந்தாள். அதன் பிறகு மெலிந்த எந்த உயிரையும் பார்த்துவிட்டு அவளால் சும்மா போக முடிந்ததில்லை.

கீழ்வீட்டில் குடியிருந்த ஃபிரவ் பிரிங்க்மன், அதாவது திருமதி பிரிங்க்மன், ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. கோடை முடியும் நேரம் அவர் ஒரு நாயைக் கொண்டுவந்தார். மணல் நிறம், வெள்ளைப் பாதங்கள், ஆட்டுக்குட்டிபோல் நீண்ட கால். பெயர் தெனெரே. வயிறு உள்ளே ஒட்டிக்கிடக்க, விலா எலும்பும் முதுகெலும்பும் இடுப்பு மூட்டுகளும் தோலுக்குள்ளிருந்து துருத்திக்கொண்டு நின்றன. கொறற்றிக்குப் பகீரென்றது.

அவள் மெல்ல விசாரித்தபோது ஃபிரவ் பிரிங்க்மன் சிரித்தார். இது அசவாக் என்ற இனம், மாலி, நைஜர் பக்கத்துப் பாலைவன ஓரத்தில் முயலையும் மானையும் கண்ணால் பார்த்தே துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய், விலா தெரிந்தால்தான் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். உடலில் கொழுப்பு இல்லாததால் குளிர் தாங்காது, அதனால்தான் கம்பளிக் கோட்டு. எலும்பு உறுத்தாமல் இருக்கத்தான் தடித்த மெத்தை. வளர்ப்பவரைத் தவிர யாரையும் கிட்ட அண்டாது, அதட்டினால் நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும் என்றும் சொன்னார்.

கொறற்றி தலையாட்டினாள். ஆனால் ஒரு சொல்லையும் நம்பவில்லை. பட்டினி போடுகிறவர்கள் எல்லோருமே இப்படி ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து பின்பக்கத் தோட்டத்துக்குள் அவளுடைய பல்கனியிலிருந்து சாப்பாடு விழத் தொடங்கியது. முதலில் கோழித்தோல், பிறகு குழம்பில் ஊறிய பாண். தெனெரே அவள் நிற்கும்போது திரும்பியும் பார்க்காது. அவள் உள்ளே போன பிறகுதான் வந்து தின்னும். வெட்கப்படுகிற பிள்ளை என்று கொறற்றி அதற்காகவே இன்னும் இரங்கினாள்.

பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்து முடிந்த மறுநாள், மிஞ்சிய ஆட்டிறைச்சிப் பிரட்டலை நிறையவே போட்டாள். கொழுப்பும் வெங்காயமும் எண்ணெயும் சொட்டச் சொட்ட இருந்தது. நாய் புல்லையும் சேர்த்து நக்கியது. அன்று கொறற்றிக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை தெனெரே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி நின்றது. ஃபிரவ் பிரிங்க்மன் அதைக் கோட்டோடு அள்ளித் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறியதைக் கொறற்றி மேலிருந்து பார்த்தாள். கணையம் வீங்கியிருக்கிறது, இந்த இனத்துக்கு மயக்க மருந்துகூட மற்ற நாய்களைப்போல் கொடுக்க முடியாதாம் என்று அந்தக் கட்டடத்து மற்ற வீட்டார் படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்றார் ஃபிரவ் பிரிங்க்மன்.

அந்த யாரோவுக்கு விரைவில் ஒரு முகம் கிடைத்தது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஹெர் நோவாக், நாய் குரைக்கிறது என்று முன்பு முறைப்பாடு செய்தவர். வீட்டார் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். அவருடைய கதவில் யாரோ கொலைகாரன் என்று எழுதிவிட்டுப் போனார்கள். வேலைக்குப் படியிறங்கும்போது மூன்றாம் மாடியில் கொறற்றி அவரைக் கண்டாள். ஈரத் துணியால் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து எப்போதும்போல் காலை வணக்கம் சொன்னார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜெர்மன் வாயில் வராது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். பூசைக்குப் போனாள், நாய்க்காக மெழுகுதிரி கொளுத்தினாள், கதவு தேய்த்த மனிதரை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

கடைசியில் மகள் லவினியாதான் கேட்டாள். "அம்மா, அந்த நாய்க்கு நீங்கள் ஏதும் போட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. பசியில கிடக்குது எண்டு நினைச்சன்."

லவினியா அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் இருத்தினாள். பிறகு, "போய்ச் சொல்லுங்கோ. நான் வந்து மொழிபெயர்க்கமாட்டன். உங்கட வாயால நீங்களே சொல்லோணும்" என்றாள்.

கொறற்றி படியிறங்கி ஃபிரவ் பிரிங்க்மனிடம் போனாள். சமையலறையில் நின்றபடியே, தெரிந்த ஜெர்மனில், தோலிலிருந்து பிரட்டல்வரை எல்லாவற்றையும் சொன்னாள். வெங்காயம் என்ற சொல் வந்ததும் ஃபிரவ் பிரிங்க்மன் கையை உயர்த்தி நிறுத்தினார். வெங்காயமா, எவ்வளவு என்று கேட்டுவிட்டு உடனே மிருக மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தார். கணையத்துக்கு மருந்து கொடுத்தும் நாயின் ஈறு வெளுத்துக்கொண்டே போனதன் காரணம் அப்போதுதான் மருத்துவர்களுக்குப் புரிந்தது. வெங்காயம் நாயின் இரத்தத்தைச் சிதைக்குமாம். வேறொரு நாயின் இரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள்.

தொலைபேசியை வைத்த பிறகு ஃபிரவ் பிரிங்க்மன் சொன்னார்: "முதல் நாளே சொல்லியிருந்தால் தெனெரே இவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டாள்." குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் கொறற்றிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஹெர் நோவாக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "நன்றி" என்றார். கதவு சாத்தப்பட்டது. வீட்டார் ஒவ்வொருவரிடமும் போய் அதையே திரும்பச் சொன்னாள். சிலர் அவளைப் பாவம் பார்த்தார்கள். ஹெர் நோவாக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டவர் எவருமில்லை.

தெனெரே பிழைத்து வந்தது. பனிக்காலத்தில் ஃபிரவ் பிரிங்க்மன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, நாயை நடத்திக்கொண்டு போக ஆள் தேவைப்பட்டது. கொறற்றி கேட்டாள், நெடுநேர யோசனைக்குப் பிறகு அவர் சம்மதித்தார். கோட்டுப் பொத்தான்களை எப்படிப் போடுவது, முயலைக் கண்டால் பாய்ந்துவிடும் என்பதால் கயிற்றை ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நாய் அவளோடு நடந்தது. ஆனால் ஒருநாளும் அவள் கையை முகரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

வசந்தத்தில் ஒரு காலை, நாயோடு திரும்பி வந்தபோது வாசலில் பார ஊர்தி நின்றது. ஹெர் நோவாக் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்; அவருடைய அலுமாரியை இரண்டு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெனெரே குரைத்தது. அவர் நாயை ஒருமுறை பார்த்தார், கொறற்றியைப் பார்க்கவில்லை. ஊர்தி தெருமுனையில் திரும்பும்வரை அவள் கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.