அண்ணாச்சி வைத்த சிவப்புப் பொட்டு

என் மூத்த பேரன் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அடுத்தவன் திசையன்விளையில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறான். கடைக்குட்டிப் பேத்தி மெர்லினுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. அவள் முதல் சம்பளம் வாங்கிவிட்டாள் என்று சொல்லத்தான் லட்டு டப்பாவோடு பாளையங்கோட்டைக்கு, சாமுவேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே வேனிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி போய்விட்டார் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அவரிடம் படம் எடுத்துக்கொண்டு, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும், ஓர் ஆளை இரண்டு தடவை எடுப்பார். கேமராவோடு தான் இடது காலில் சாய்ந்து நின்று ஒன்று, வலது காலில் சாய்ந்து இன்னொன்று. மெர்லினை அப்படி எடுத்தபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணை எந்தத் தரகன் கையில குடுக்கப் போறிய அண்ணாச்சி?"

"வீட்டுக்கு வா தங்கச்சி, காட்டுதேன்."

அவர் என்னைவிடச் சந்தேகக்காரர். மேசையில் உட்கார்ந்தால் தூசி பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். என் மூச்சைக்கூட நம்பமாட்டார். தபால்தலை அளவு ஃபிலிம் துண்டுகள் இரண்டை இடுக்கியால் எடுத்து, ஒரே அட்டைச் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. "ஒத்தக் கண்ணு சொல்லுததை நம்பாத. ரெண்டையும் கேளு" என்பார். இரட்டைக் கண்ணாடிப் பெட்டியில் செருகிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகி, மெர்லின் தொட்டுவிடுகிற மாதிரி நின்றாள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரை ஆற்றங்கரையில் எடுத்த படத்தில்தான் தகராறு. பெட்டிக்குள் தாமிரபரணி முன்னால் வந்துவிட்டது. மனுஷர் அதற்குப் பின்னால் பள்ளத்தில் கிடந்தார்.

"அவுகள ஏன் ஆத்துக்குப் பின்னால தள்ளிட்டிய?"

"படம் சரியாத்தான் இருக்கு. ஒன் கண்ணைக் காட்டு, டாக்டர்ட்ட."

முனகிக்கொண்டே இடதையும் வலதையும் மாற்றி வைத்தார். வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார்.

"காத்துல மாறிருக்கும்."

"ஃபேனே ஓடலையே அண்ணாச்சி!"

"பையப் பேசு, தூசி."

வீட்டுக்காரர் காலமான பிறகு, அவரை முழு ஆளாகப் பார்க்க எனக்கு அந்த ஒரு படம்தான். ஒட்டு விட்டுப்போனதால் சமீபத்தில் அதை அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தேன். லட்டு டப்பாவோடு போன அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது, உடலைக் கிடத்த இடம் வேண்டுமென்று அவர் மருமகன் மேசைச் சாமான்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அதுல எங்க வீட்டுக்காரவுக இருக்காவ!" என்று கத்திவிட்டேன். மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அண்ணாச்சியின் மகள் கிரேஸ்தான் அழுகையோடு சாக்கைக் கொட்டித் தேடி எடுத்துத் தந்தாள்.

புது ஒட்டு போட்டிருந்தார். ஆனாலும் நான் நம்பவில்லை. சாவு வீடு என்றும் பாராமல் சன்னலோரம் போய், அவருடைய கண்ணாடிப் பெட்டியிலேயே வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஆற்றுக்கு முன்னால்தான் நின்றார். இடது படத்தின் ஓரத்தில், முன்பு இல்லாத ஒரு சிவப்புப் பொட்டு. இனி யார் பிரித்தாலும் பக்கம் மாறாது. முன்பு இடது வலதை மாற்றியது காற்று இல்லை, தன் கைதான் என்று அண்ணாச்சி ஒப்புக்கொண்டது அந்தப் பொட்டில்தான்.

அந்தப் பொட்டும், கிரேஸ் தந்த இடுக்கியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. மஸ்கட்டிலிருந்து போனில் கேட்கிற மெர்லின், அவர் உனக்குக் கொடுத்த ஃபிலிம் கேமராவில், யூனிபார்மோடு உன்னைப் படம் எடுக்கச் சொல். போனில் அனுப்பாதே, அதற்கு ஒற்றைக் கண்தான். இரண்டு படமாகத் தபாலில் போடு. இடதில் மறக்காமல் சிவப்புப் பொட்டு வை. மாறிப்போனால், காற்று என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.