அழாத பிள்ளை

"பிள்ளை தங்கம் நர்ஸம்மா. அழவே மாட்டுக்கு" என்று வாசலிலேயே பெருமையாகச் சொன்னாள் பிரசவமான பெண்ணின் அம்மா. எனக்குச் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். தென்காசிப் பக்கத்து ஊர்களில் பிரசவமான வீடுகளுக்குப் போய், தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கும் நர்ஸ் நான். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் நீளம். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதே, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைக்காதே என்று பத்துப் பெற்றவள் மாதிரி அதட்டுவேன்.

மேலகரத்தில் அந்த வீடு. தலைப்பிரசவம், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள் நான் போனபோது அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். "கடிகாரத்துக்கா பசிக்குது? பிள்ளை அழுதாக் குடு, போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினேன். சாரல் குளிருக்குப் பிள்ளையைக் கழுத்துவரை துணியில் சுற்றியிருந்தார்கள். பிரித்து அதன் அளவைப் பார்த்திருந்தால் நானே மணி பார்த்துக் கொடுக்கத்தான் சொல்லியிருப்பேன். குறைமாதப் பிள்ளைக்குப் பசித்து அழக்கூடத் தெம்பிருக்காது. சோம்பல், வேறென்ன.

இப்போது ஓடிப்போய்ப் பிரித்தேன். ஒரு சாண் உடம்பு, மஞ்சள் பூத்துக் கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை.

"கடைசியா எப்பக் குடிச்சுது?"

"நேத்து விளக்கு வைக்கையிலக்கா. நீங்கதான சொன்னீய, அழுதாக் குடுன்னு. எப்ப அழும்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் அந்தப் பெண். அவள் மாராப்பு முழுக்கப் பாலில் நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அவள் உறங்கவே இல்லை.

இந்தப் பிள்ளை போனால் கொன்றது நான்தான் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையில் அவளைப் பாலைப் பீய்ச்சச் சொல்லி, ஒரு சொட்டு உதட்டில் விட்டேன். ஓரமாய் வழிந்துவிட்டது. மறுபடி சுண்டினேன், மறுபடி ஒரு சொட்டு. "பச்சப்பிள்ளைய ஏன் இப்படிச் சுண்டுதீய?" என்று அவள் அம்மா கத்தினாள். எத்தனையாவது சொட்டோ தெரியாது, தொண்டை அசைந்தது. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு அழுகை. 

அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். சீசன் சமயம். குற்றாலத்திலிருந்து வந்த பஸ்களெல்லாம் குளித்துவிட்டு வந்த கூட்டத்தோடு நிற்காமல் போயின. மூன்றாவது பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் திட்டினதெல்லாம் காதில் விழவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் நான்கு நாள், நான் தினமும் போய்ப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பிய அன்று அந்தப் பெண்ணின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் அன்னைக்கு வரலைன்னா எம்பேரன் இல்லம்மா" என்று வார்டுக்கே கேட்கும்படி அழுதாள். நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, வீட்டுக்குப் போயி அழுதாக் குடுக்கவா, மணி பாத்துக் குடுக்கவா?"

குரலில் குத்தலே இல்லை. இன்னமும் என்னைத்தான் கேட்டாள்.

"மணி பாத்தே குடு" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்பது மட்டும் வாயில் வரவில்லை.