சம்பந்தி கட்டிய காம்ப்ளெக்ஸ்

கூட்டேரிப்பட்டில் ரோட்டோரமாக ஒரு கடை காம்ப்ளெக்ஸ் கட்ட முடிவு செய்தேன். விழுப்புரத்து இன்ஜினியர் ஒருவர், தான் கட்டிய கடைகளையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். ஆனாலும் திண்டிவனத்துச் சம்பந்தியிடம்தான் வேலையைக் கொடுத்தேன். அவரும் கான்ட்ராக்டர்தான். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இருக்க, வெளியாளிடம் போக மனம் வரவில்லை.

முதல் மழையிலேயே தளம் ஒழுகியது. போன் போட்டால், "ஆளு அனுப்பிக்கினே இருக்கேன் சம்பந்தி" என்பார். ஒருவரும் வரவில்லை. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவர் வீட்டுக்கே போனேன்.

"வாங்க சம்பந்தி! மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்று இலை போடச் சொல்லிவிட்டார்.

சாப்பிட்டபடியே பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். மறுபடி ரசம் ஊற்ற வந்த மகள் என்னையே பார்த்தாள். கரண்டியைச் சாய்க்காமல் அப்படியே நின்றாள்.

"ரசம் நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகத்தில் உயிர் வந்தது.

வேலை தெரிந்தவரா என்று பார்த்தால் மட்டும் போதாது, அவரிடம் நம்மால் கோபப்பட முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போதும் வானம் இருட்டினால் மகள் போன் செய்கிறாள்.

"அங்க மழையாப்பா?"

"இல்லம்மா, நல்ல வெயிலு" என்கிறேன், ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்திக்கொண்டே.