திருப்பாமல் செதுக்கிய மலை

அடுத்தவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியால் தன் கையைக் கண்டுபிடிக்க முடியுமா? இனியாவின் இளமை முழுவதும் இந்த ஒரு கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்ததுபோல் இருக்கிறது.

இன்று அவள் திருவண்ணாமலையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. விடுமுறை நாட்களில் வேங்கிக்கால் வீட்டு மாடியில் பலகை செதுக்கி, மை தடவி, தாளில் அச்சு எடுக்கிறாள். அவற்றில் சில நல்லவை. பல, உழைப்பு மட்டும் தெரிபவை. ஆனால் ஒரே ஒரு அச்சைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவள் அப்பா ராமதாஸ் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தார். புதுப் பள்ளியில் இனியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாஞ்சாலை. மலையடிவாரத்து அடி அண்ணாமலை ஊர்க்காரி. கிரிவலப் பாதையில் அவள் அம்மா ராஜம்மாள் டீக்கடை வைத்திருந்தாள். அறிவியல் வகுப்பில் தவளை வரையச் சொன்னார்கள். இனியா அளவெடுத்து, அழித்து, மீண்டும் வரைந்தாள். பாஞ்சாலை தாளிலிருந்து பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வரைந்தாள். அவளுடைய தவளை தாளைவிட்டுத் தாவிவிடும்போல் இருந்தது. டீச்சர் அதைத்தான் தூக்கிக் காட்டினார்.

பொறாமை மனிதர்களைப் பிரிக்கும் என்பார்கள். இனியாவை அது ஒட்டவைத்தது. பாஞ்சாலை சென்னை ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததால் இவளும் விண்ணப்பித்தாள். அவள் அச்சுக்கலைப் பிரிவை எடுத்தாள், இவளும் எடுத்தாள். முதுகலையிலும் அப்படியே. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வேலையைப் பார்த்து, பாஞ்சாலையின் வயிறு எரிய வேண்டும். இனியாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதுகலையின் கடைசி வருடம் ஆசிரியர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “இந்த வருஷம் நான் எதுவும் கொடுக்க மாட்டேன். என்ன செய்யணும், எப்படிச் செய்யணும், எங்க நிறுத்தணும், எல்லாம் உங்க பாடு. வருஷக் கடைசியில சுவத்துல மாட்டுங்க. வந்து பாக்கறேன்.”

இருவரும் ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள். ராமதாஸ் மகளுக்காக மாடி அறையைக் காலி செய்து கொடுத்தார். இனியா சென்னையிலிருந்து நல்ல ப்ளைவுட், உளிகள், இறக்குமதி மை எல்லாம் வாங்கி வந்தாள். அவள் எடுத்துக்கொண்டது மலை. மாடியில் நின்றால் எதிரே முழுதாகத் தெரியும் மலை. காலையில் வரைந்தாள், மழையில் வரைந்தாள், மேகம் மூடியபோதும் வரைந்தாள். எந்தப் படத்திலும் அது மலையாக இல்லை, மலையின் அளவாக இருந்தது.

பாஞ்சாலைக்குத் திட்டம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தக்காளிப் பெட்டியை உடைத்த பலகையில் கால்களைச் செதுக்கினாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களின் வெறுங்கால்கள். கடை பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவை. வெடித்த குதிகால், மெட்டி, கட்டுப்போட்ட கட்டைவிரல். மட்டமான பலகையின் முரட்டு ரேகை அச்சில் அப்படியே விழுந்து, பாதையின் மண்ணாக மாறியிருந்தது.

ஒருநாள் அந்த அச்சுகளை இனியாவின் மாடிக்குக் கொண்டுவந்து, “நல்லாருக்காடி?” என்று கேட்டாள்.

“பலகை ரொம்ப மட்டமா இருக்கு” என்றாள் இனியா.

“மட்டந்தான். உன்னுது மாதிரி கல்யாணப் பலகைக்கு நான் எங்க போவேன்?” என்று சிரித்துவிட்டு, “கொஞ்சம் மை குடு. கம்மியா இருந்தா போதும்” என்று டப்பாவை நீட்டினாள்.

அவள் படியிறங்கியதும் இனியா ஒரு புதுப் பலகையை மேசையில் போட்டாள். பலகையில் செதுக்குவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் பலகையில் ஏற்ற வேண்டும். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த விஷயம். அன்று இனியாவின் கண்ணில் மலை இல்லை, அந்தக் குதிகால்தான் நின்றது. படத்தைத் திருப்பாமலே கார்பன் தாளை வைத்து ஏற்றினாள். எப்போதும்போல் அளவு பார்க்கவில்லை, கோபத்தோடு வெட்டினாள். மலை முழுவதையும் ஒரே கருப்பாக விட்டு, வானத்தை மட்டும் கீறி எடுத்தாள். மை உருட்டி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தபோதுதான் தெரிந்தது. மாடியிலிருந்து பார்த்தால் நீளச் சரிவு எந்தக் கைப்பக்கம் இறங்குமோ, அதற்கு மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

கிழித்துப் போடத்தான் நினைத்தாள். மை ஈரமாக இருந்ததால் கொடியில் மாட்டிவைத்தாள்.

மறுநாள் மிச்ச மையைத் திருப்பிக் கொடுக்க வந்த பாஞ்சாலை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏய். இது எங்க பக்கத்து மலை.”

இனியா மேசையில் கிடந்த மரச் சீவல்களைக் கூட்டினாள்.

“எங்க ஊட்டுப் பின்னாடி நின்னா இப்படித்தான் தெரியும். எப்போ வந்து வரைஞ்ச? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

இனியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வேங்கிக்காலுக்கு மலையின் எதிர்ப்பக்கம்தான் அடி அண்ணாமலை. இங்கிருந்து தெரியும் விளிம்பைத் திருப்பிப் போட்டால், அங்கிருந்து தெரியும் விளிம்பு.

பாஞ்சாலை தாளுக்கு அருகில் போனாள். “பொறந்ததுல இருந்து பாக்கறேன். எத்தினி வாட்டி செதுக்கிப் பாத்தேன் தெரியுமா? வந்து உக்கார மாட்டேங்குது. அதான் காலு காலுன்னு செதுக்கினு கெடக்கறேன். நீ வேலூர்ல இருந்து வந்தவ. உனக்கு எப்படிடி வந்துச்சு?”

அவள் முகத்தில் இருந்ததை இனியா உடனே அடையாளம் கண்டாள். தன் முகத்தில் பல வருடம் சுமந்தது அது. முதலில் வந்தது சந்தோஷம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். அன்று மாலை சந்தோஷம் புளிக்கத் தொடங்கியது. பாஞ்சாலை பொறாமைப்பட்டது தன் கையைப் பார்த்தல்ல, தன் தவறைப் பார்த்து. இருந்தும் அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு பாஞ்சாலை மாடிக்கு வருவது நின்றது. இனியா ஒருநாள் டீக்கடைக்குப் போனாள். ராஜம்மாள் டம்ளரைக் கழுவியபடியே, “வாம்மா. இன்னா சொக்குப்பொடி போட்ட என் பொண்ணுக்கு?” என்றாள். “காலு செதுக்கறத வுட்டுட்டா. மலை, மலைன்னு செதுக்கறா, அடுப்புல போடறா. எனக்கு வெறகு செலவு மிச்சம்.”

கடைக்குப் பின்னால் பாஞ்சாலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் மலை வழக்கம்போல் இருந்தது, திருப்பாத மலை.

வருடக் கடைசியில் கல்லூரிக் கூடத்தில் படங்களை மாட்டினார்கள். பாஞ்சாலையிடம் மிஞ்சியவை பழைய கால்கள் மட்டும்தான்; மலை ஒன்றுகூட இல்லை. இனியாவின் சுவரில் நடுவே அந்தக் கருப்பு மலை. வந்தவர்கள் அதன் முன்னால்தான் நின்றார்கள். ஆசிரியர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இதுல நீ இருக்க” என்றார். பல வருடம் அவள் காத்திருந்த வார்த்தை.

அச்சுக்குக் கீழே தலைப்பையும் பெயரையும் பென்சிலில் எழுதுவது வழக்கம். தலைப்பிடம் இன்னும் காலியாக இருந்தது. பாஞ்சாலை பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேரு எழுதலையா? ‘அடி அண்ணாமலை’ன்னு போடு. எங்க அம்மா பாத்தா ஊரையே கூட்டினு வரும்.”

அந்தக் கூடத்தில் மலையின் இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. வேறு யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இனியா சட்டத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, பென்சிலை எடுத்தாள். ‘வேங்கிக்கால், எங்கள் வீட்டு மாடியிலிருந்து’ என்று எழுதினாள்.

பாஞ்சாலை எழுத்தைப் படித்தாள். மலையைப் பார்த்தாள். மறுபடியும் எழுத்தைப் பார்த்தாள். அவள் விரல் அந்தச் சரிவை இடம் வலம் மாற்றிக் காற்றில் ஒருமுறை வரைந்தது.

“எதுக்குடி எழுதின?” என்றாள்.

இனியா கண்ணாடியைப் பொருத்தி, மலையை அதன் ஆணியிலேயே மாட்டினாள்.