மதிலுக்காக வாங்கிய கைநாட்டு

பெல்மதுளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு. சிங்களம் சுத்தமாக வராது.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இராசா காலத்துக் கருங்கல் மதில் ஒன்று இருந்தது. லொறிப் பாதைக்காக அதை இடிக்க நினைத்தார் தோட்டத்துத் துரை. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் தொல்பொருள் அதிகாரியின் அனுமதி வேண்டும். தொழிலாளர்களே கேட்பதுபோல் மனு எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதினேன்.

"எல்லாம் உங்கட நன்மைக்குத்தான், கையை வையுங்கோ" என்று, வாசித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினேன். முதலில் வைத்த மாரியாயி, விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு கொழுந்தெடுக்க ஓடினாள்.

அதிகாரி வந்தார். லயத்து வாசலில் நின்று மனுவைச் சிங்களத்தில் விளக்கினார். தொழிலாளர்களுக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாரியாயி மட்டும் மலையையும் மதிலையும் கைகாட்டிச் சிங்களத்திலேயே நெடுநேரம் பேசினாள். அதிகாரி மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"அந்த மதிலு இல்லேன்னா மழத்தண்ணி பூரா எங்க காம்பராவுக்குள்ள வந்துரும்னு சொன்னேங்க."

"என்னைப் பற்றி?"

"ஐயா வாசிச்சுத்தான் காட்டினாரு, எங்களுக்குத்தான் வெளங்கலேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்லங்க."

அதன்பிறகு எத்தனையோ மனு எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டி, "விளங்கினதோ?" என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பேன். அவள் எனக்காகச் சொன்ன பொய்யை அப்படியாவது உண்மையாக்கப் பார்க்கிறேன்.