வண்டிக்கு அம்மா கிடையாது

கரு உண்டாகும், ஆனால் என் கர்ப்பப்பை தாங்காது என்று டாக்டர் சொன்ன மறுநாள், ஒரகடம் கார் கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைக் கிளறியபடி அழுதுகொண்டிருந்தேன். லைனில் என் பக்கத்தில் நிற்கும் வடக்குப்பட்டுக்காரி எதிரே வந்து உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டாள்.

"இதுக்கா அழுவுற? உன் புள்ளய நான் சொமந்து தரேன்கா. எனக்குத்தான் ஒண்ணு கீதே, பெத்துப் பழக்கம்."

ஊறுகாய் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத்தைக் கேக்காம எதுவும் வேணாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனோம். என் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள்.

ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "நல்ல மனசும்மா உனக்கு. ஆனா கூடாதுன்னுதான் மார்க்கம் படிச்ச பெரும்பாலான ஆலிம்கள் சொல்றாங்க. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல மூணாவது ஆள் வரக்கூடாது. சுமந்து பெத்தவதான் தாய். அப்போ இவங்க யாரு?"

"கரு அவங்களுது. நான் சும்மா வூடு குடுக்கறேன். வாடககூட வாணாம்."

"உன் ரத்தத்துல வளர்ற புள்ளைக்கு நீ வெறும் வீடாம்மா?"

"இன்னா ஹஜ்ரத், எங்க லைன்ல பம்பர் நான் மாட்டுவேன், லைட்டு அக்கா மாட்டும். வண்டி யாருதுன்னு நாங்க சண்ட போடறமா?"

"வண்டி அம்மா எங்கேன்னு கேக்காதும்மா."

வாயைத் திறந்தவள், நழுவிய துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளறையில் ஹஜ்ரத்தின் மனைவி சிரிப்பது கேட்டது. நான் மட்டும் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "ஆதரவில்லாத குழந்தையை வளர்க்கலாம்மா. அது யார் பெத்த புள்ளைன்னு மட்டும் மறைக்கக்கூடாது. பொண்ணா இருந்தா, இவரோட தங்கச்சி பால் கொடுக்கட்டும். பால் கொடுத்தவளும் மார்க்கப்படி தாய்தான்; அதனால இவர் அதுக்குப் பால் உறவுல தாய்மாமன் ஆயிடுவார். அது வளர்ந்த பிறகும் இவர் முன்னாடி பர்தா வேண்டியதில்லை."

"அப்பா ஆகலாம்னு வந்தேன், மாமா ஆக்கிட்டீங்களே!" என்றார் என் கணவர். ஹஜ்ரத்தே சிரித்துவிட்டார்.

நெடுநாள் காத்திருந்ததில், சட்டப்படி வளர்க்க ஒரு பெண் குழந்தை கிடைத்தது. கைப்பிள்ளைக்காரியான என் நாத்தனார் தண்டலத்திலிருந்து வந்து தங்கினாள். அவள் மடியில் அவள் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டே பால் குடித்தன.

வடக்குப்பட்டுக்காரி ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து குழந்தையைத் தூக்கினாள். "எல்லாருக்கும் ஒரு மொற கெடச்சிச்சி. நான் இதுக்கு இன்னா ஆவணும்?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "ஐயோ, வுடுடி!" என்று அலறினாள், கீழே மட்டும் விடவில்லை.