ரோஸ் நெபுலாவும் செல்வி அக்காவின் கண்ணும்

இன்று கார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில், பெயின்ட் ஷாப் செல்வி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். கார் கதவுகளில் நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தூத்துக்குடிக்காரர்.

“கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன் தம்பி” என்றார்.

“என்னக்கா ஆச்சு?”

“போன வாரம் மொட்ட மாடில உன் டெலஸ்கோப்புல பாத்தேம்லா. உன் ஸ்டேட்டஸ்ல ரோஸ் கலர்ல இருந்த நெபுலா, எனக்குச் சாம்பல் புகையாத்தான் தெரிஞ்சுது. நெறம் தெரியாதவள லைன்ல வைப்பாங்களா?”

“அங்கேயே கேட்டிருக்கலாமே அக்கா?”

“எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க. நான் மட்டும் எப்படிக் கேப்பேன்?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நெபுலா என்பது வானத்து வாயு மேகம்; டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் யாருக்கும் அது சாம்பல்தான். கேமரா நெடுநேரம் சேர்த்த வெளிச்சத்தில், லேப்டாப்பில் நான் நிறத்தைக் கூட்டிய படம் அது. ‘என் டெலஸ்கோப்பில் இன்று’ என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தேன்.

சொன்னேன். அக்கா திட்டவில்லை.

“வாரம் பூரா ஒவ்வொரு கதவையும் ரெண்டு ரெண்டு தடவ பாத்தேன் தம்பி” என்றார். அவ்வளவுதான்.

‘கேமராவில் எடுத்து நிறம் கூட்டியது, கண்ணுக்குச் சாம்பல்தான்’ என்று எழுதி அதே படத்தை மறுபடி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன்.

அன்று மொட்டை மாடியில் சூப்பர் சொன்ன மற்றவர்களே, உங்களுக்கு உண்மையில் என்னதான் தெரிந்தது?